இ.எம்.டி.ஆர். சிகிச்சை கற்க எங்கே தொடங்குவது?

சிங்கப்பூரில் கவுன்சலராக இருக்கும் நீங்கள், மன அதிர்ச்சிக்கு விரைவில் பலன் தரும் இ.எம்.டி.ஆர். (கண் அசைவுகளின் துணையோடு பழைய நினைவின் வேதனையைக் குறைக்கும் சிகிச்சை) முறையில் தேர்ச்சி பெற வழி கேட்டிருக்கிறீர்கள்.

பட்டமும் மேற்பார்வையில் பெற்ற அனுபவமும் உங்களிடம் இருக்கும். அடுத்தது அடிப்படைப் பயிற்சி. அமெரிக்காவின் எம்ட்ரியா (இ.எம்.டி.ஆர். பன்னாட்டுச் சங்கம்) வகுத்த அளவு: 20 மணி நேரப் பாடம், 20 மணி நேரச் செய்முறை, தேர்ந்த நிபுணரிடம் 10 மணி நேர ஆலோசனை. செய்முறையில் உங்கள் சொந்த நினைவுகளையே எடுத்து வேலை செய்ய வேண்டிவரும். அது லேசான காரியமில்லை, ஆனால் மிக அவசியம்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987-இல் தொடங்கிய இந்த முறையை உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. நடந்ததை முழுதாக விவரிக்கத் தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். "வெளியே சொன்னா மானம் போயிடும்" என்று வாய் திறக்காத நம் அக்காக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! நினைவு எழும்போது உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று தமிழிலேயே கேளுங்கள். "நெஞ்சு அடைக்குது" என்ற பதிலே போதும்.

சரி, 'விரைவு' என்பதை நம்பி அவசரப்படாதீர்கள். இந்தச் சிகிச்சையின் எட்டுக் கட்டங்களில் இரண்டாவது, ஆளைத் தயார்ப்படுத்துவது. சிறுவயது முதல் அடிபட்டவர்களுக்கு அதற்கே பல வாரங்கள் ஆகலாம். அந்த வாரங்களைக் குறைக்கவே கூடாது.