பில் பாதியாகுமா? மலை வீட்டு இன்சுலேஷன் கணக்கு

கேள்வி: கோத்தகிரி பக்கம் வீடு கட்டுகிறோம். கூரைக்கு இன்சுலேஷனும் (சூடு வெளியேறாமல் தடுக்கும் அடுக்கு) இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் போட்டால் கரண்ட் பில் பாதியாகும் என்கிறார் பொறியாளர். இப்போது குளிர்மாதங்களில் ஹாலில் மட்டும் இரவு 2 மணி நேரம் ஹீட்டர் போடுகிறோம். வயதான அப்பா, அம்மாவோடு நான்கு பேர். போட்ட பணம் திரும்புமா?

பதில்: பில் பாதியாகாது. ஆனாலும் கூரை இன்சுலேஷனை விட்டுவிடாதீர்கள்.

பொறியாளர் பொய் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கணக்குகள் பெரும்பாலும் எல்லா அறைகளும் மணிக்கணக்கில் ஒரே சூட்டில் இருப்பதாக வைத்துக்கொள்கின்றன. நீங்கள் போடுவது 2,000 வாட் ஹீட்டர் என்றால் 2 மணி நேரத்துக்கு 4 யூனிட். எத்தனை லட்சம் செலவழித்தாலும் அந்த 4 யூனிட்டுக்கு மேல் மிச்சப்படுத்த அங்கே எதுவும் இல்லை. சுமார் 3,400 ஜெர்மன் வீடுகளைப் பற்றி 2012-ல் வந்த ஆய்வில், சூடாக்க உண்மையில் செலவான எரிசக்தி, கணக்கில் சொன்னதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவு. ஸ்வெட்டரும் கம்பளியுமாகச் சமாளிக்கிற நம் மலையில் இடைவெளி இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

அப்படியென்றால் கூரைக்கு ஏன்? தெளிந்த வானம் உள்ள இரவில் வீட்டுச் சூடு கூரை வழியாகத்தான் அதிகம் போகிறது. அதைத் தடுத்தால் ஹீட்டர் போடாத அறைகளிலும் குளிர் குறையும், கூரையின் உட்பக்கம் ஈரம் பூப்பதும் குறையும். குளிரில் பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும். எனக்கு அதுவே போதுமான காரணம். இரட்டைக் கண்ணாடியைத் தள்ளிப்போடலாம். முதலில் கதவு, ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடைத்து, கனமான திரை போடுங்கள்.

உண்மையான மிச்சம் குளியலறையில் இருக்கிறது. 25 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.9 யூனிட். நான்கு பேருக்கு மூன்றரை யூனிட். அதுவும் வருஷம் முழுக்க. சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டால் வெயில் நாட்களில் இது பெருமளவு குறையும். மூடுபனி, மழை நாட்களுக்கு கீசர் வேண்டும். கீசரைக் குளியலறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நீளமான குழாயில் சூடு வீணாகும்.

இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் கரி நெருப்புச் சட்டியை மட்டும் உள்ளே வைக்கவே கூடாது. வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனும், படுக்கையறையில் மூட முடியாத காற்றுத் துளையும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.