வன்னியில பிறந்த பிள்ளையின்ர சாதகக் குறிப்பில ஒரு லக்னம், போன் ஆப்பில இன்னொரு லக்னம்: எது சரி?

புதுக்குடியிருப்பு அக்கா ஒராள் கேட்டிருக்கிறா, மகள் 2001 மே கடைசியில அங்கதான் பிறந்தவ, பின்னேரம் 3.20 எண்டு டயரியில எழுதிக் கிடக்கு, ஐயர் எழுதின குறிப்பில துலா லக்னம் (லக்னம் எண்டா பிறந்த நேரம் கிழக்கில உதிக்கிற ராசி), இப்ப மாப்பிள்ளை பகுதி ஆப்பில போட்டுப் பாத்திட்டு கன்னி லக்னம் எண்டு சொல்லீனமாம், ஐயர் பிழை விட்டிட்டாரோ எண்டு.

அக்கா, ஐயர் பிழை விடேல்ல. பழைய நேரம், புது நேரம் எண்டு அப்ப கதைச்சது ஞாபகம் இருக்கும்தானே. 1996 மே 25ல இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, ஒக்டோபர் 26ல அதில அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது, மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரைக்கும் அப்பிடியே நிண்டது. வவுனியா ரவுணில புது நேரம், இயக்கத்தின்ர (புலிகளின்ர) கட்டுப்பாட்டில இருந்த வன்னிக்குள்ள பழைய நேரம்தான் ஓடினது. ஆப்புக்கு அது தெரியாது, இலங்கை எண்டு குடுத்த உடன புது நேரமா எடுத்திடும், அப்ப உங்கட 3.20 அதுக்குப் பழைய நேரம் 2.50. லக்னம் ஏறக்குறைய ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறுறது, மே கடைசியில அந்த நேரம் கன்னி முடிஞ்சு துலாம் தொடங்குற இடம், அரை மணித்தியாலம் தாராளமாப் போதும்.

இதை நீங்களே செக் பண்ணலாம். பஞ்சாங்கத்துக்கு நாள் தொடங்கிறது சூரிய உதயத்தில, நடுச்சாமத்தில இல்ல. ஒரு நாள் 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிசம், ஒரு நாழிகைக்கு 60 விநாடி (எங்கட மணிக்கூட்டு விநாடி இல்ல, இது 24 செக்கன்). நீங்க அனுப்பின குறிப்பின்ர போட்டோவில உதயாதி நாழிகை (உதயத்தில இருந்து பிறந்த நேரம் வரைக்கும் போனது) 23, விநாடி 50 எண்டு கிடக்கு, அது 9 மணித்தியாலம் 32 நிமிசம். மே கடைசியில உங்கட பக்கம் உதயம் பழைய நேரத்தில 5.50 கிட்ட, கூட்டினா 3.20க்குத்தான் வருது. புது நேரமெண்டு நினைச்சிருந்தா ஐயர் 22 நாழிகை 35 விநாடி எண்டெல்லோ எழுதியிருப்பார். டயரியில எழுதின ஆள் எந்த மணிக்கூட்டைப் பாத்தவர் எண்டு மட்டும் வீட்டில ஒருக்காக் கேட்டுக்கொள்ளுங்கோ.

பொருத்தத்துக்குப் பயப்பிடாதேங்கோ, அது நட்சத்திரத்தையும் ராசியையும் வச்சுப் பாக்கிறது, சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஒரு நாள் மட்டில எடுக்கும், நட்சத்திரம் மாறுற எல்லையில பிறந்தாத்தான் அரை மணித்தியாலம் அதைக் குழப்பும். ஆனா செவ்வாய் தோஷம் லக்னத்தில இருந்தும் எண்ணுறது, இருக்கிற தோஷம் இல்லாமலும் இல்லாதது இருக்கிற மாதிரியும் காட்டிப்போடும், இதால நல்ல சம்பந்தங்கள் குழம்பிப் போறது எனக்கு உண்மையிலயே கவலை.

மாப்பிள்ளை பகுதியிட்டச் சொல்லி, ஆப்பில நேர வலயத்தை +5.30 (பழைய நேரம்) எண்டு கையால மாத்தச் சொல்லுங்கோ, அதுக்கு வழி இல்லாட்டி பிறந்த நேரத்தை 3.50 எண்டு போடச் சொல்லுங்கோ. ஊரைச் சென்னை எண்டு மாத்திப் போடவேண்டாம், உதயம் வேற. அதோட ஐயர் பாத்தது வாக்கிய பஞ்சாங்கமோ (பழைய வாய்ப்பாட்டுக் கணக்கு) திருக்கணித பஞ்சாங்கமோ (இப்பத்தைய வானியல் கணக்கு) எண்டும் கேளுங்கோ, ஆப்புகள் கனக்கத் திருக்கணிதம்தான்.