வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. நாய்க்குட்டி கொண்டு வரலாமா? எப்படிப் பழக்குவது?

தாராளமாகக் கொண்டு வரலாம். ஆனால் முதல் நாளே மூக்கோடு மூக்கு வைத்து "இதுதான் உன் தம்பி" என்று அறிமுகம் செய்யாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

எங்கள் வீட்டில் ஆறு வயது வெள்ளச்சியும் அவள் மகன், கடுவன் சாம்புவும் இருந்தார்கள். ஐப்பசி மழையில் நனைந்து கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை என் மகள் துண்டில் சுற்றித் தூக்கி வந்தாள். வெள்ளச்சியை மடியில் பிடித்துக்கொண்டு குட்டியைப் பக்கத்தில் விட்டேன். ஒரு நொடிதான். முதுகு வில்லாய் வளைந்தது, வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி உப்பியது, என் முழங்கையில் நான்கு கோடு. குட்டிக்கு மூக்கில் கீறல். நல்லவேளை, கண் தப்பியது. பரணில் ஏறிய வெள்ளச்சி மறுநாள் சாயங்காலம்தான் இறங்கினாள்.

அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தோம். டாக்டரிடம் காட்டி, பூச்சி மருந்து கொடுத்து, குட்டியைப் பின்அறையில் வைத்தோம். பத்து நாள் கதவு மூடியே இருந்தது. அவன் படுத்த துணியைப் பூனைகளின் சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டேன், அவர்கள் துணியை அவனிடம் போட்டேன். முதலில் வாசனை பழக வேண்டும். பிறகு கம்பிக் கதவு வழியாகப் பார்வை. கடைசியில்தான் ஒரே அறை, அதுவும் குட்டியின் கழுத்தில் கயிற்றோடு. பூனை குறுக்கே போகும்போது அவன் துள்ளாமல் உட்கார்ந்தால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று.

பயிற்சியெல்லாம் நாய்க்குத்தான். பூனைக்கு வேண்டியது ஏறித் தப்பிக்க ஓர் இடம். பீரோவின் மேல் இருந்த சூட்கேஸ்களை எடுத்துவிட்டு ஒரு சாக்கை விரித்தேன், பாதிச் சண்டை அதிலேயே குறைந்தது.

இரண்டுக்கும் பாஷையே வேறு. நாய்க்குட்டி முன்காலைத் தூக்கினால் பெரும்பாலும் 'விளையாட வா' என்று அர்த்தம். பூனை தூக்கினால் அடி விழப்போகிறது. பூனை வாலை விசுக் விசுக்கென்று ஆட்டினால் அது எரிச்சல். குட்டியோ அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு ஓடும். அந்த வாலைப் பார்த்தவுடன் கயிற்றை இழுத்துக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுவது உண்ணி மருந்தில். நாய்க்குப் பிடரியில் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது விஷம், உயிரே போகலாம். மருந்து காயாத நாயோடு உரசிப் படுத்தாலும் ஆபத்துதான். கடைக்காரர் என்னிடம் "இதையே பூனைக்கும் ரெண்டு சொட்டு விடுங்க" என்றார். டாக்டரிடம் கேட்டதால் தப்பித்தோம்.

பூனைச் சாப்பாட்டை மேடை மேல் வையுங்கள், இல்லாவிட்டால் குட்டி காலி செய்துவிடும். பூனை வெளிக்குப் போகும் மண் தட்டையும் அவனுக்கு எட்டாமல் வையுங்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டாம், சாப்பிடும் நேரத்தில் படிப்பீர்கள். நாய் உணவை மட்டும் பூனைக்குப் போட்டு வளர்க்காதீர்கள். பூனைக்குத் தேவையான டாரின் என்ற சத்து அதில் போதாது. நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும்.

வருவது சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ என்றால் இன்னும் பொறுமை வேண்டும். வேட்டை ரத்தம், ஓடுவதைக் கண்டால் துரத்தும். பெரிதான பிறகும் பூனைகளோடு தனியே விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

எங்களுக்கு இரண்டரை மாதம் ஆனது. சாம்பு இப்போது அவன் வயிற்றில் தலை வைத்துத் தூங்குகிறான். வெள்ளச்சி அவன் கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பாள். அதுவரை அவன் தள்ளி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.