வராத மெயில்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். சர்வர்களைப் பராமரிக்கும் இன்ஃப்ரா டீம். கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஏஐ பக்கம் போய்விட்டார்கள். ஏஜென்ட், வெக்டர் டேட்டாபேஸ் என்கிறார்கள். எனக்குப் பாதி புரிவதில்லை. நான் இன்னும் பேட்ச் போடுவது, டிஸ்க் நிறைந்தால் காலி செய்வது, பேக்கப் பார்ப்பது என்றே இருக்கிறேன். பேக்கப் பார்ப்பதிலும் ஒன்றுமில்லை. இரவு 2 மணிக்கு ‘சக்சஸ்’ என்று ஒரு மெயில் வரும். அதைக்கூட இப்போது தானாகவே ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும்படி வைத்துவிட்டேன். நான் குபெர்நெட்டிஸ் படிக்கவா, டேட்டா இன்ஜினியரிங் போகவா, ஏஐ படிக்கவா? ஐந்து வருடம் கழித்து என் வேலை இருக்குமா?

ச.,
கோயம்புத்தூர்

அன்புள்ள ச.,

எதை வேண்டுமானாலும் படியுங்கள். குபெர்நெட்டிஸ் சில மாதத்தில் கைக்கு வந்துவிடும், அப்புறம் சலித்துவிடும். ஐந்து வருடம் கழித்து உங்கள் வேலை இருக்குமா என்பது உங்கள் முதலாளிக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்?

போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். 2 மணி மெயிலைக் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவிட்டீர்கள். சரி. ஒருநாள் அது வராவிட்டால்? வருவதையே பார்க்காதவர் வராததை எப்படிப் பார்ப்பார்?

புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப்பின் கதை உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும் என்பார்கள். சிரித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். 2017 ஜனவரி 31 இரவு. நாள் முழுக்க டேட்டாபேஸோடு மல்லுக்கட்டிக் களைத்திருந்த ஒரு இன்ஜினியர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய டைரக்டரியை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் இருக்கிறதே என்று கிளவுடில் போய்ப் பார்த்தால் காலி. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 9.6-ஆம் பதிப்பு, பேக்கப் எடுக்க ஓடிய கருவியோ 9.2. பதிப்பு ஒத்துப்போகாமல் அது தவறிக்கொண்டே இருந்திருக்கிறது. பாவம், தவறியபோதெல்லாம் மெயிலும் போட்டிருக்கிறது. அனுப்புநர் யாரென்று உறுதிசெய்யும் முத்திரை அந்த மெயிலில் இல்லை என்பதால் எதிர்ப்பக்கம் ஏற்காமல் தள்ளிவிட்டது. யாருக்கும் ஒன்றும் வரவில்லை, எனவே எல்லாம் நலம் என்று இருந்திருக்கிறார்கள்.

கடைசியில் காப்பாற்றியது, அதே இன்ஜினியர் வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவின் நகல். அந்த ஆறு மணி நேரம் போனது போனதுதான். பிறகு அவர்கள் வெளிப்படையாக ஓர் அறிக்கை எழுதினார்கள். பேக்கப்பை ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று தங்களையே கேட்டு, அந்த வேலைக்கு யாரும் பொறுப்பாக இல்லை என்று பதிலும் சொல்லியிருந்தார்கள். உங்கள் கம்பெனியில் அந்த ‘யாரும்’ நீங்கள்தான் தம்பி. சம்பளம் வாங்கிக்கொண்டு ஃபில்டர் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம் இருக்கிறது.

1997-ல் உங்கள் ஊரில்தான், ஒரு மில் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் டேப்பைச் செருகி பேக்கப் ஓட விடுவேன். கிழமைக்கு ஒரு டேப், மேலே என் கையெழுத்தில் லேபிள். நாற்பது நிமிடத்தில் முடிந்ததாகத் திரையில் வரும். உக்கடத்துக்கு ஓடி பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிப்பேன். டிசம்பரில் டிஸ்க் நிறைந்து, புதிதாக இன்னொன்று போட்டுக் கணக்கையெல்லாம் அதற்கு மாற்றினோம். மாற்றியது நான்தான். பேக்கப்பில் பழைய டைரக்டரியின் பெயரை மாற்ற மறந்ததும் நான்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அதே டிசம்பர் கணக்கு டேப்பில் ஏறியது. ஒரு பிழைகூட இல்லாமல், கச்சிதமாக. கணக்கு தினமும் வளர்கிறது, பேக்கப் நேரம் மட்டும் ஏன் நாற்பது நிமிடத்திலேயே நிற்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ் கிடைத்தது, போதும்.

மார்ச் நடுவில் புது டிஸ்க் போயிற்று. ஆறு டேப்பையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஆறிலும் டிசம்பர். வருடக் கணக்கு முடிக்கும் நேரம். தலைமைக் கணக்கர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர், வவுச்சர் கட்டுகளை மேஜையில் அடுக்கி மறுபடி ஏற்ற ஆரம்பித்தார். பதினோரு நாள், இரவு ஒன்பதுவரை. மூன்றாம் நாளோ என்னவோ, எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, “மெஷின்னா அப்படித்தானுங்க, பேரேடு இருக்குதில்ல, பயப்படாதீங்க” என்றார். மெஷின் அல்ல, நான்தான் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. இப்போது சொல்ல அவர் இல்லை.

இதெல்லாம் டேப் காலத்துக் கதை, கிளவுட் வந்துவிட்டது என்பீர்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த கிளவுட் அதோடு போயிற்று. 858 டெராபைட். வெளியே நகல் கிடையாது. ஏனென்று கேட்டதற்குச் சொன்ன காரணம், அது மிகப் பெரியதாக இருந்தது என்பது. சினிமாக் கொட்டகையில் தீயணைக்க மணல் வாளி மாட்டியிருக்கும், மணலுக்குப் பதில் பீடித்துண்டாக. அங்கே வாளிகூட இல்லை.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள் அல்லவா. அதே வருடம் ஜூலையில், மென்பொருள் எழுத உதவும் ரெப்ளிட் தளத்தின் ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ), எதையும் தொடாதே என்று சொல்லியிருந்தும், ஜேசன் லெம்கின் என்பவரின் டேட்டாபேஸை அழித்துவிட்டது. இதை மீட்கவே முடியாது என்றும் சொல்லியது. அவர் முயன்று பார்த்தார், மீண்டது. என் டேப் எல்லாம் சரி என்றது, சரியாக இல்லை. ஏஜென்ட் எல்லாம் போச்சு என்றது, போகவில்லை. திருப்பி ஏற்றிப் பார்க்கும்வரை மெஷினுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இந்தச் சனிக்கிழமை ஒரு காலி சர்வரை எடுத்து அதில் பேக்கப்பைத் திருப்பி ஏற்றி ரீஸ்டோர் செய்யுங்கள். மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான். பாதியில் நிற்கும். பூட்டிய பேக்கப்பைத் திறக்க என்கிரிப்ஷன் சாவி கேட்கும். அது வேலையை விட்டுப் போன ஒருவரின் லேப்டாப்பில் இருந்திருக்கும். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எந்த இடத்தில் நின்றது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். ஏற்றி முடித்ததும் நேற்றைய ஒரு பதிவு அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். நேற்றையது. டிசம்பரில் போட்டது அல்ல.

அதற்கு முன்னால், இதைப் படித்து முடித்த கையோடு, அந்த ஃபோல்டரைத் திறங்கள். கடைசியாக வந்திருக்கும் மெயிலில் என்ன தேதி போட்டிருக்கிறது?