‘விஷுவல் லேர்னர்’ பையனுக்கு எந்த குரூப்?

வணக்கம் அம்மா.

பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்குக் கைரேகைப் பரிசோதனை எடுத்திருக்கிறீர்கள். ‘இவன் விஷுவல் லேர்னர், பார்த்தால்தான் மண்டையில் ஏறும், படித்தால் ஏறாது’ என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். படிக்க நிறைய இருக்கும் பயாலஜி ஒத்துவராது, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேருங்கள், கூடவே எங்கள் வீடியோ ஆப்பையும் வாங்குங்கள் என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். அவன் அப்பா கணிதமும் உயிரியலும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப்தான் என்று நிற்கிறார். பையனைக் கேட்டால் ‘எதுன்னாலும் ஓகே’ என்கிறான். எந்த குரூப் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த அறிக்கையை எடுத்து உள்ளே வையுங்கள். முடிவெடுக்கும்போது அது உங்கள் கண்ணில் படவே வேண்டாம்.

கைரேகை, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அமைந்துவிடுவது. அதை வைத்து, பதினைந்து வயதுப் பையன் ஒளிச்சேர்க்கையைப் படமாகப் பார்த்தால் புரிந்துகொள்வானா, வாசித்தால் புரிந்துகொள்வானா என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பரிசோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிவித்திருக்கிறது. ஜாதகம் பார்ப்பவர்கூட இதைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்.

கைரேகையை விடுங்கள். கேள்வித்தாள் கொடுத்து, ‘பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், வாசித்து எழுதிக் கற்பவர், செய்து கற்பவர்’ என்று நால்வகையாகப் பிரிப்பதும் உண்டு. பல பள்ளிகளில் ஆசிரியர் பயிற்சியிலேயே இது வருகிறது. நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃப்ளெமிங் 1992இல் வெளியிட்ட ‘வார்க்’ என்ற முறை அது. அவர் கேட்டது, உங்களுக்கு எப்படிக் கற்கப் பிடிக்கும் என்பதை. எப்படிக் கற்றால் மதிப்பெண் கூடும் என்பதை அந்தக் கேள்வித்தாள் அளக்கவில்லை. இது போல வேறு முறைகளும் ஏராளம். 2004இல் இங்கிலாந்தில் ஃபிராங்க் காஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்தபோது 71 தேறின. ஒரே பையனுக்கு 71 முத்திரை குத்தலாம்!

பிடித்த வழியில் சொல்லிக்கொடுத்தால் நன்றாக வருமா என்பதுதான் நமக்கு வேண்டிய விடை. அதைச் சோதிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ‘பார்த்துக் கற்பவர்’களில் பாதிப் பேருக்குப் படம், பாதிப் பேருக்குப் பேச்சு, ‘கேட்டுக் கற்பவர்’களுக்கும் அதேபோல. கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. அவரவர் வகைக்கு ஏற்ற பாடம் கிடைத்தவர்கள் மேலே வந்தால் கொள்கை சரி. ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். இப்படி முறையாகச் செய்தவையே மிகக் குறைவு. செய்தவற்றிலும் சில நேர் எதிராகவே வந்திருந்தன. வகை பிரித்துப் பாடம் நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

அப்படியானால் உங்கள் மகன் ‘வீடியோ பார்த்தாதான் புரியுதும்மா’ என்று சொல்வது பொய்யா? பொய்யில்லை. ஆளுக்கொரு விருப்பம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பரோட்டா பிடிக்கும் என்பதால் அது உடம்புக்கு ஏற்றது என்று ஆகிவிடாதே. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்களைப் பார்த்துக் கற்பவர் என்று சொல்லிக்கொண்டவர்கள் படங்கள் நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். சோதித்தால் அவர்கள் சொன்ன வகைக்கும் உண்மையில் நினைவிருந்ததற்கும் தொடர்பில்லை. வீடியோ ஓடும்போது ஆசிரியர் கணக்கைக் கடகடவென்று போட்டு முடிப்பார், நமக்கும் எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். மறுநாள் அதே கணக்கை வெறுந்தாளில் போடச் சொன்னால் இரண்டாவது வரியில் நிற்பான்.

எதை எப்படிக் கற்பது என்பதைப் பெரும்பாலும் பாடமே முடிவு செய்கிறது, பையனின் வகை அல்ல. இதயத்தின் அறைகளை யாராக இருந்தாலும் படம் பார்த்துத்தான் பழக வேண்டும், வரைந்தும் பார்க்க வேண்டும். ஆங்கில உச்சரிப்பைக் காதால் கேட்காமல் கற்க வழியில்லை. கணிதத்தில் வகைக்கெழு போட்டுப் போட்டுத்தான் கைக்கு வரும். வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷனுக்குப் பியூரெட்டைப் பிடித்தாக வேண்டும். நால்வகையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவைப்படும்.

கைரேகைப் பரிசோதனை செய்தவர்கள் சொன்ன யோசனை ஏன் தலைகீழ் என்பதும் இங்கே தெரிந்துவிடும். பயோ-பாட்டனி, பயோ-ஜுவாலஜி புத்தகங்களைத் திறந்து பாருங்கள். படங்கள் நிறைய உள்ள பாடம் அது. கம்ப்யூட்டர் சயின்ஸில் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். அங்கே ஒவ்வொரு வரியையும் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும், சி பிளஸ் பிளஸ்ஸில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் புரோகிராம் ஓடாது. ‘படித்தால் ஏறாது’ என்ற பையனை அங்கே அனுப்புகிறார்களாம்.

சரி, எது உதவும்? 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிகி இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்து, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களிடம் மிஞ்சியது 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. மாணவன் செய்ய வேண்டியவை என்று நன்னூல் சொல்லும் பட்டியலில் பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் (கேட்டதற்கு விடை சொல்லுதல்) எல்லாம் உண்டு. அத்தனையும் ஒரே மாணவனுக்கு!

அதனால் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். வீடியோ பார்க்கட்டும், தடுக்காதீர்கள். முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு ஒரு தாள் கொடுங்கள். நினைவில் நிற்பதை எழுதட்டும், வரையட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்கட்டும். மூன்று நாள் கழித்து அதையே மறுபடி கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. ‘எனக்கு விளங்குற மாதிரி சொல்லுப்பா’ என்றால் போதும். முதலில் சிணுங்குவான், தெரியாததெல்லாம் வெளியே வரும் அல்லவா? மதிப்பெண் போடவும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுக்கவும் வேண்டாம்.

இப்போது குரூப். நான் பார்க்கச் சொல்வது மூன்று: அவனுடைய கணக்கு, அறிவியல் மதிப்பெண்; யாரும் சொல்லாமல் அவனாகப் போய்ப் பார்ப்பது, கேட்பது; அந்த குரூப் எந்தப் படிப்புகளுக்கு வழி விடுகிறது என்பது. ஃபர்ஸ்ட் குரூப்பில் கணிதமும் உயிரியலும் இருப்பதால் பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் போகலாம். பொறியியல் கட்-ஆஃப் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான்; அங்கே உயிரியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் கணக்கில் வராது. ஆகவே கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் போக ஃபர்ஸ்ட் குரூப் தடையில்லை. நீட் எழுதுவதானால் 180 கேள்விகளில் 90 உயிரியல். நர்சிங், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம் என்றாலும் உயிரியல் வேண்டும். இந்தப் பக்கமே வேண்டாம் என்று அவனே தெளிவாகச் சொன்னால் கம்ப்யூட்டர் சயின்ஸில் தாராளமாகச் சேருங்கள். கணக்கில் தடுமாறுகிற பையன் என்றால் காமர்ஸ், பாலிடெக்னிக் பக்கமும் பாருங்கள். டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அப்பாவின் ஆசையைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் சொல்லும் ‘எதுன்னாலும் ஓகே’வையும் சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள். பதினோராம் வகுப்பு உயிரியல் புத்தகத்தையும் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தையும் கையில் கொடுத்து ஒரு வாரம் புரட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு கேளுங்கள், வேறு பதில் வரும்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: சத்தமாக வாசிக்கச் சொன்னால் திணறுகிறான், எழுத்துகள் மாறிவிடுகின்றன, சின்ன வயதிலிருந்தே அப்படி என்று. அறிக்கையைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. வாசிப்பதில் மட்டும் நெடுநாளாகத் தடுமாற்றம், வாயால் கேட்டால் நன்றாகச் சொல்கிறான் என்றால் அது விருப்பத்தைச் சேர்ந்த விஷயமாக இல்லாமல் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். முதலில் கண் பரிசோதனை. பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தகுதியுள்ள மருத்துவ உளவியலாளரிடமோ காட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். பிளஸ் ஒன் தொடங்கும்போதே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள், தேர்வு நெருங்கும்போது ஓடினால் அலைச்சல். இது வெட்கப்படும் விஷயம் இல்லை என்பதை உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.

அந்த வீடியோ ஆப்புக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். மாதத் தவணையில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று ஒப்பந்தத்தில் பார்த்து, எழுத்துமூலம் அனுப்புங்கள். போனில் சொன்னால் ‘கவுன்சலர்’ என்று ஒருவர் உங்களைத் திரும்பக் கூப்பிட்டு மனசை மாற்றப் பார்ப்பார்.