தீயணைப்புப் பெண்களுக்குத் தனி ஆய்வு எதற்கு?

கேள்வி: தீயணைப்புப் பணியில் இருக்கும் பெண்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பை ஆராய அமெரிக்காவில் சட்டமே இருப்பதாகப் படித்தேன். புகை எல்லோருக்கும் ஒன்றுதானே, பெண்களைத் தனியே ஆராய வேண்டிய தேவை என்ன?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் படித்தது 2018 ஜூலையில் கையெழுத்தான தீயணைப்பாளர் புற்றுநோய்ப் பதிவேட்டுச் சட்டத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். அது பெண்களுக்கென்றே இயற்றப்பட்டதன்று. நாடெங்கும் உள்ள தீயணைப்பாளர்களின் பணி விவரங்களைத் திரட்டி, மாநிலங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வழிசெய்கிறது. அந்தத் தீயணைப்பாளர் பதிவேட்டில் 2023 ஏப்ரலில் பெயர்ப்பதிவு தொடங்கியது. பெண்களை மிகுதியாகச் சேர்க்க வேண்டும் என்பதில் அதை நடத்துவோர் தனிக் கவனம் செலுத்துகிறார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. சிகாகோ, பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் ஏறத்தாழ 30,000 தீயணைப்பாளர்களை 2009 வரை தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தபோது, பொதுமக்களைவிட அவர்களுக்குப் புற்றுநோய் சற்று மிகுதி என்று தெரிந்தது. ஆனால் அவர்களில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அவ்வளவு சிலரை வைத்துக்கொண்டு மார்பகப் புற்றுநோயைப் பற்றியோ சினைப்பைப் புற்றுநோயைப் பற்றியோ எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் தொழிலாக வகைப்படுத்தியபோதும், போதிய சான்று இருப்பதாக அது சொன்னவை சிறுநீர்ப்பைப் புற்றுநோயும், ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா என்னும் உள்ளுறுப்புச் சவ்வின் புற்றுநோயும் மட்டுமே.

இந்தக் குறை ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. மத்திய அரசின் தீயணைப்பாளர்களுக்குச் சில நோய்கள் வந்தால் அவை பணியால் வந்தவை என்றே கருதி இழப்பீடு வழங்க 2022 டிசம்பரில் அங்கே சட்டம் வந்தது. அதன் பட்டியலில் புராஸ்டேட் புற்றுநோயும் விரைப் புற்றுநோயும் இருந்தன. மார்பகம், சினைப்பை, கருப்பை, கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோய்கள் இல்லை. 2025 ஜனவரியில்தான் தொழிலாளர் துறை அவற்றைச் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட ஈராண்டுகளில் மார்பகப் புற்றுநோய் கண்ட ஒரு பெண், ஆண்டுதோறும் காட்டுத்தீயை எதிர்த்து நின்றவராக இருந்தாலும், நோய் அந்தப் பணியால்தான் வந்தது என்பதைத் தாமே நிறுவ வேண்டியிருந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் தீயணைப்புப் பெண்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. அவர்கள் ஆய்வாளர்களோடு கைகோத்ததில், 86 தீயணைப்புப் பெண்களின் இரத்தமும் நகர அலுவலகங்களில் பணிபுரியும் 84 பெண்களின் இரத்தமும் ஒப்பிடப்பட்டன. எளிதில் சிதையாமல் உடலில் தங்கும் பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்களில் சில, தீயணைப்புப் பெண்களிடம் கூடுதலாக இருந்ததை 2020இல் வெளியான முடிவுகள் காட்டின. எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையிலும் பாதுகாப்பு உடையின் துணியிலும் இருப்பவை இவை. அந்த உடையும் நெடுங்காலமாக ஆண் உடலின் அளவுக்கே தைக்கப்பட்டு வந்தது. கையுறைக்கும் சட்டைக்கைக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருந்தாலும் போதும், கரி உள்ளே புகுந்து வியர்த்த தோலில் படிந்துவிடும்.

உங்கள் உறவில் யாராவது அமெரிக்காவில் இந்தப் பணியில் இருந்தால் பதிவேட்டில் சேரச் சொல்லுங்கள். நோய் வராதவர்களும், ஓய்வு பெற்றவர்களும், ஊதியமின்றித் தொண்டு செய்பவர்களும் சேரலாம். நலமாக இருப்போரின் விவரம் கிடைக்காவிட்டால் நோயுற்றோரின் விவரத்தை எதனோடு ஒப்பிடுவது?