கணவரின் பயம் வீட்டையே பூட்டிவிட்டது

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

பக்கத்து வீட்டில் திருடு போனதிலிருந்து என் கணவர் மாறிவிட்டார். ஜன்னலுக்கெல்லாம் கிரில் போட்டாயிற்று. இரவில் வாசல் கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். நடுராத்திரி எழுந்து பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். ஹாலில் கேமரா; வேலைக்குப் போன இடத்திலிருந்தும் போனில் பார்த்துவிட்டு "யார் வந்தது?" என்கிறார். 10 வயது மகன் கழிவறைக்குக்கூடத் தனியாகப் போவதில்லை. 15 வயது மகள் தோழிகளை வீட்டுக்கு அழைப்பதை விட்டுவிட்டாள். ஏதாவது சொன்னால், "உங்களுக்காகத்தானே செய்றேன்" என்கிறார். என்ன செய்வது?

- ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தச் சாவி. இன்று இரவே அதற்கு வழி செய்யுங்கள். தீப்பிடித்தால் சில நிமிடங்களில் வீடு முழுக்கப் புகை சூழ்ந்துவிடும். இருட்டில் அவரை எழுப்பிச் சாவி தேட நேரமிருக்காது. சாவி இல்லாமலே உள்ளிருந்து திறக்கும் பூட்டாக மாற்றுங்கள். அதுவரை சாவி, வெளியிலிருந்து கை எட்டாத, பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் தொங்கட்டும். ஜன்னல் கிரில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்க வேண்டும்.

அடுத்தது, ராத்திரி எழுந்து பார்ப்பது. 2003இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வான் டென் ஹவுட், கிண்ட் இருவரும் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தவர்களின் நினைவு பிசகவில்லை. ஆனால் அந்த நினைவின்மேல் அவர்களுக்கிருந்த நம்பிக்கை குறைந்துபோனது. உங்கள் கணவருக்கும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். பூட்டைத் தொட்டதும் நிம்மதி, சற்று நேரத்தில் மறுபடி சந்தேகம்.

மகனுக்குப் பக்கத்து வீட்டுத் திருட்டு மறந்தே போயிருக்கலாம். அப்பா பதறி எழுவதை அவன் தினமும் பார்க்கிறானே! கேமராவை வாசலுக்கு மாற்றச் சொல்லுங்கள். சொந்த வீட்டிலேயே கண்காணிக்கப்படும் பெண், நாளை வெளியில் நிஜமாகவே ஒரு தொந்தரவு வந்தால் அப்பாவிடம் சொல்வாளா? எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

பகலில், அவர் அமைதியாக இருக்கும்போது பேசுங்கள். "பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டாம். "நீங்க நிம்மதியாத் தூங்கி நாளாச்சே" என்று ஆரம்பியுங்கள். இரவில் ஒரேயொரு முறை இருவரும் சேர்ந்து பூட்டுங்கள். அப்புறம் எழத் தோன்றினால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பதற்றம் ஏறும், பிறகு தானாகவே இறங்கும். சில வாரங்களில் மாற்றமில்லையென்றால் உளவியல் நிபுணரிடம் அழைத்துப் போங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சு, பயிற்சி மூலம் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) இதற்கு நன்றாகவே உதவுகிறது. அவர் வர மறுத்தால், முதலில் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள்.